மரத்தலைக்குப் பல் பிடுங்கிய பரீட்சை

ஒரு ராசா ஊரில் பல் பிடுங்குவதற்கும் பட்டயம் வேணும். முன்னெல்லாம் சந்தையில் வலியோடு வந்தவனுக்குப் பல்லைப் பிடுங்கிக் காட்டினால் போதும், பட்டயம் கைக்கு வந்துவிடும். புதிதாக வந்த அரண்மனை வைத்தியர் ஆலாலசுந்தரம் அதை மாற்றிவிட்டார். பழைய பட்டயம் செல்லாது; இனிமேல் மரத்தில் செதுக்கிய தலைதான் நோயாளி. அதில் கறுப்பாக இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்க வேணும். ஒன்றை விட்டாலும் தோல்வி. தோற்றவர்கள் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான்.

இருபது வருஷமாகப் பல் பிடுங்கிப் பிழைத்த இருளாயி, ராசா முன்னால் பரீட்சைக்கு வந்து நின்றாள். மரப்பல் ஒவ்வொன்றையும் தட்டி, "வலிக்குதாய்யா?" என்று கேட்டாள். சபையே சிரித்தது.

"மரம் எங்கேடி பேசும்? கறுத்திருந்தால் சொத்தை, பிடுங்கு" என்றார் வைத்தியர், வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"கேக்காமப் பிடுங்கிப் பழக்கமில்லீங்க."

"அப்போ நீ தோல்வி. இங்கே கறுப்புதான் கணக்கு."

"அப்படிங்களா? சாமி, கொஞ்சம் வாயைத் திறங்க." இருளாயி குறடும் கையுமாகக் கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். "வெத்திலைக் கறையில ஒரு பல்லு விடாமக் கறுத்திருக்கு. முப்பத்திரண்டையும் எடுத்துட்டா நான் தேறிடுவேன்ல?"

வைத்தியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அடியே, எனக்கு ஒரு பல்லும் வலிக்கலையே!"

"இதைத்தானே சாமி, நான் அந்த மரத்துகிட்டயும் கேட்டேன்."

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பட்டயத்தில் முத்திரை குத்தினார்.