எங்கயாச்சும் அழுத்துதா?

பொய்கையூர் நெல் ஆலையில் மூட்டை சுமந்து பிழைத்தவர் சிவக்கொழுந்தார். நாள் முழுக்கச் சுமந்தாலும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். எத்தனை மூட்டை வந்தாலும் வலத்தோளில்தான் ஏற்றுவார். இடத்தோளில் சாக்கின் நூல்கூடப் பட விடமாட்டார். அந்தத் தோள் பொய்கைநாதருக்கு என்று ஒதுக்கியது. கோயிலில் சுவாமி புறப்படும் நாள்களில் வாகனத்தைச் சுமக்கும் சீர்பாதக்காரர்களில் அவரும் ஒருவர். வாகனத்தின் நீண்ட சுமைக்கட்டைகளுக்கு வாரை என்று பெயர். அதில் முன்வரிசை இடம் இருபத்தாறு வருடமாக அவருடையது.

ஆலையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். “முதலாளிக்கு ஒரு தோளு, சாமிக்கு ஒரு தோளு. பொண்டாட்டிக்கு என்னய்யா மிச்சம்?” என்று கேட்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிவார்.

ஓர் ஆடி மாதக் காலையில் அவர் மனைவி வேதாம்பாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான்.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் செவிலியர் ஸ்டெல்லாமேரி, வேதாம்பாளின் இடுப்பில் சிவந்த தடிப்பு ஒன்றைக் கண்டு சிவக்கொழுந்தாரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

“அவங்களால வாய் விட்டுச் சொல்ல முடியாதுங்கய்யா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க. திருப்பினதும் எங்க அழுத்துதுன்னு கேளுங்க. கேட்டா மட்டும் போதாது, கைய விட்டுத் தடவிப் பாருங்க. துணியில ஒரு மடிப்பு இருந்தாக்கூடப் புண்ணாயிடும்.”

சிவக்கொழுந்தார் அதை உபதேசமாகவே ஏற்றுக்கொண்டார். ஆலை அதே தெருவில் இருந்தது வசதியாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடி வருவார், திருப்புவார், “எங்கயாச்சும் அழுத்துதா?” என்று கேட்பார். அழுத்தினால் வேதாம்பாள் இடக்கைக் கட்டைவிரலை உள்ளே மடக்குவார். தினம் இரு வேளையும் சிவக்கொழுந்தார் அவருடைய செத்த கையையும் காலையும் இருபது தரம் மடக்கி நீட்டுவார். எண்ணிக்கைக்குப் பதில் நமசிவாய என்று சொல்லிக்கொள்வார், இருபது நமசிவாய ஆனதும் நிறுத்துவார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போதுதான் சங்கடம் வந்தது. வலத்தோள் சாக்கு உரசி உரசிக் காய்த்துப் போயிருந்தது, வேதாம்பாளின் கன்னத்தைக் கீறியது. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவரை இடத்தோளில் சாய்த்துத் தூக்கினார். சாமி கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனித் திருவிழா வந்தது. முதல் நாள் காலை வாகனத்தைத் தூக்கி நிமிர்ந்ததும், எட்டு மாதப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“எங்கயாச்சும் அழுத்துதா?”

பக்கத்தில் வாரை பிடித்திருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ‘அழுத்துதா’ என்பது அவர் பட்டப்பெயராகிவிட்டது. தேங்காய்க் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

கேலியைத் தாங்கிக்கொண்டார். நேரத்தைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவாமி வீதி சுற்றி வர மூன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரம் ஆனதும் வேதாம்பாளைத் திருப்ப வேண்டும். முதல் மூன்று நாளும் பாதி வழியில் வாரையை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது சீர்பாதக்காரர்களின் தலைவர் வைரக்கண்ணு அவரைத் தனியே அழைத்தார்.

“நடுவழியில எறக்கி வச்சிட்டுப் போறதுக்கு இது நெல்லு மூட்டையா? ஒண்ணு சாமியத் தூக்கு, இல்ல வீட்டப் பாரு.”

வைரக்கண்ணு கெட்டவர் அல்லர். சுவாமிக்கு ஒன்று ஆகிவிடக்கூடாதே என்ற பயம் அவருக்கு. சிவக்கொழுந்தார் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

“வீட்டப் பாக்குறேண்ணே,” என்றார்.

வீட்டுக்கு வந்து, திருப்ப வேண்டியவரைத் திருப்பி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதார். இருபத்தாறு வருடத்தில் அவர் சுவாமியிடம் கேட்டது அந்த வாரையடி இடம் ஒன்றைத்தான். அதுவும் போயிற்று.

ஏழாம் நாள் காலைப் புறப்பாடு ரிஷப வாகனத்தில், ஆலைத் தெரு வழியாக. சிவக்கொழுந்தார் தட்டில் தேங்காயும் சூடமும் எடுத்துவைத்துக் காத்திருந்தார். மேளச் சத்தம் தெருமுனைக்கு வரவும் வேதாம்பாளைத் திருப்பும் நேரம் வரவும் சரியாக இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தால் சுவாமியைப் பார்த்துவிடலாம். ஆனால் இடுப்புத் தடிப்பு அப்போதுதான் ஆறியிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் போனார். திருப்பினார், துணி மடிப்பை நீவிவிட்டார், கேட்டார். கட்டைவிரல் மடங்கவில்லை.

அப்போது மேளம் நின்றது.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாகனம் அவர் வாசலில் முட்டுக்கட்டைகள்மேல் நின்றது. அவர் இடத்துக்கு வந்த புது ஆள் ஒரு சாண் உயரம் கூடுதல். அதனால் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வைரக்கண்ணு கயிறுகளை இழுத்துப் பார்த்து எல்லாம் சரி என்று தலையாட்டினார். தூக்கப் போனார்கள். தட்டும் கையுமாக நின்ற சிவக்கொழுந்தார் சுவாமியை நிமிர்ந்து பார்த்தார். வாய் பழகிய வார்த்தையைச் சொல்லிவிட்டது.

“எங்கயாச்சும் அழுத்துதா?”

கூட்டம் சிரித்தது. வாகனத்தின்மேல் நின்ற விசுவநாத குருக்கள் சிரிக்கவில்லை. என்ன தோன்றியதோ, மாலைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். அவர் முகம் மாறியது. மாலைகளைக் களைந்தார். சுவாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியின் ஆணி முறிந்து, அதன் கனம் முழுவதும் சுவாமியின் முதுகில் சாய்ந்திருந்தது. பீடத்தின் ஆணியும் பாதி கழன்றிருந்தது. அடுத்தது பள்ளமான தெருத் திருப்பம். அங்கே இறங்கியிருந்தால் சுவாமி கீழே வந்திருப்பார்.

“அழுத்திண்டுதான் இருந்திருக்கு, சிவக்கொழுந்து,” என்றார் குருக்கள். “தெனம் அலங்காரம் பண்றவன் நான். எனக்குக் கேக்கத் தோணலை.”

ஆசாரி வந்து ஆணி மாற்ற அரைமணி ஆயிற்று. அதுவரை சுவாமி சிவக்கொழுந்தார் வாசலிலேயே நின்றார். திறந்த கதவு வழியாக வேதாம்பாள் கட்டிலில் இருந்தபடியே தரிசித்தார். சுவாமியின் முதுகில் கிடந்த மாலையைக் குருக்கள் தாமே உள்ளே கொண்டுவந்து அவர் இடக்கையில் வைத்தார்.

பின்னாலேயே வந்த வைரக்கண்ணு கட்டிலைப் பார்த்தார், மூலையில் துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளைப் பார்த்தார். பிறகு சிவக்கொழுந்தாரிடம் திரும்பினார்.

“நாளைக்குக் காலையில வந்துரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எல்லாருமே ஆள் மாத்திக்குவோம். எங்க தோளும் தோளுதானே.”

தற்செயல் என்று சொல்கிறவர்கள் பொய்கையூரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். வேதாம்பாள் அதன்பின் நாலு வருடம் இருந்தார். உடம்பில் ஒரு புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் வாகனத்தைத் தூக்கி நிமிர்ந்ததும் முன்வாரைக்காரர் சுவாமியிடம் “எங்கயாச்சும் அழுத்துதா?” என்று கேட்பார். குருக்கள் பின்னால் கை விட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் முதல் அடி வைப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை.

வாய் திறவாத இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுச் சுமந்தவர் சிவக்கொழுந்தார். அந்த இடத்தோளுக்கு நம் வணக்கம்.