கூழைக்கடா போட்ட வரிசை

கோரை மண்டிய ஏரி ஒன்றில் நீர்ப்பறவைக் குஞ்சுகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குப் புதிதாகப் பெரிய டீச்சராக வந்து சேர்ந்தது செவந்தி என்கிற முக்குளிப்பான். ஆள் உள்ளங்கை அளவுதான். தண்ணீரில் முங்கினால் எங்கே எழும்பும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கரைக்கு வந்துவிட்டாலோ, ஐயோ பாவம், தத்தக்கா பித்தக்கா நடை!

அதற்கு முன்னால் பெரிய சாராக இருந்தது ஒரு கூழைக்கடா. பிரம்மாண்டமான உடம்பு, கணீர் குரல். வேறு ஏரிக்கு மாற்றலாகிப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனது.

"வரிசையை மட்டும் விட்டுடாதீங்க டீச்சர்!"

அது என்ன வரிசை? வானத்தில் பருந்து தெரிந்ததும் பெரிய சார் ஒரு சத்தம் போடுவார். எல்லாக் குஞ்சுகளும் அடித்துப் பிடித்துக் கரைமேல் ஏறி, குள்ளம் முதல் நெட்டை வரை வரிசையாக நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு குஞ்சின் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட வரிசையில் கை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? செவந்தியும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பருந்து வந்துவிட்டது.

"வரிசை! வரிசை!" என்று செவந்தி தன் கீச்சுக் குரலில் கத்தியது. குஞ்சுகள் ஓடிவந்து ஒழுங்காக நின்றன. மேலிருந்து பார்த்த பருந்துக்குத் தலைகால் புரியவில்லை.

"அடடா! எனக்காகவே பந்தி போட்டு வச்சிருக்காங்களே!"

சர்ரென்று இறங்கியது. முதலில் நின்ற தாழைக்கோழிக் குஞ்சு பொட்டுவை இறக்கையோடு சேர்த்துக் கால்நகத்தால் பற்றியது. நல்லவேளை, நீச்சல் வாத்தியாரான நீர்க்காகம் இருளாண்டி பாய்ந்து பருந்தின் காலைக் கொத்தியது. பொட்டு தொப்பென்று விழுந்தது. உயிர் தப்பியது, ஆனால் இறக்கை கிழிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் தாய்ப்பறவைகள் எல்லாம் திரண்டு வந்துவிட்டன.

"பெரிய சார் இருந்தவரைக்கும் இப்படி நடந்துச்சா?"

"இன்னொரு தடவை ஒரு குஞ்சு மேல நகம் பட்டாலும் பிள்ளைங்களை நிறுத்திடுவோம். பள்ளிக்கூடத்தை மூடிட்டுப் போங்க!"

செவந்தி கோரைக்குள் போய் ஒளிந்துகொண்டு அழுதது. 'எனக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கே விட்டுட்டுப் போயிடறேன்' என்று முடிவும் கட்டிவிட்டது.

ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. வரிசை அதேதான். குஞ்சுகள் அதேதான். பருந்தும் அதே பருந்துதான். அப்படியானால் எது மாறிப்போச்சு?

கேள்வி வந்தபின் அழுகை நின்றுவிட்டதா என்றால், பாதி நின்றுவிட்டது. செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இருளாண்டியைத் தேடிப் போனது.

"சார், பருந்து வரும்போது பெரிய சார் எங்கே நிப்பார்?"

"வேற எங்கே? வரிசைக்கு முன்னாடி. இறக்கை ரெண்டையும் விரிச்சுக்கிட்டு!"

"அப்போ குஞ்சுங்க?"

"அவருக்குப் பின்னாடி. ஒண்ணுகூட வெளியே தெரியாது."

செவந்தி தன் இறக்கையை விரித்துப் பார்த்தது. ஒரு குஞ்சின் தலையைக்கூட அது மறைக்காது. அந்த வருத்தத்திலும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, வரிசை எங்கே சார் காப்பாத்துச்சு? அவரோட இறக்கையில்ல காப்பாத்தியிருக்கு!"

இருளாண்டி வாயைப் பிளந்தது. "இத்தனை வருஷமா கூடவே இருந்தேன், இது எனக்குத் தோணலையே!"

மறுநாள் காலையில் செவந்தி குஞ்சுகளைக் கூட்டி வைத்துக்கொண்டது.

"வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு வச்சுக்குங்க. பருந்தைப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?"

"நான் முங்கிடுவேன் டீச்சர்!" என்றது நீர்க்காகக் குஞ்சு.

"நான் புல்லுக்குள்ள ஆடாம அசையாம நின்னுடுவேன். எங்கம்மாவுக்கே என்னைத் தெரியாது!" என்றது மடையான் குஞ்சு.

கிழிந்த இறக்கையோடு கடைசியில் உட்கார்ந்திருந்த பொட்டு மெதுவாகச் சொன்னது: "நான் கோரைக்குள்ள ஓடிடுவேன் டீச்சர். அன்னைக்கும் ஓடத்தான் நினைச்சேன். நீங்கதான் வரிசைல நிக்கச் சொன்னீங்க."

செவந்திக்குச் சுருக்கென்று தைத்தது. "ஆமாடா கண்ணு. தப்பு என்னோடதுதான். இனிமே நிக்க வேண்டாம்" என்றது.

அன்றே புதுப் பயிற்சி ஆரம்பமானது. சத்தம் கேட்டதும் அவரவர் வழியில் மறைய வேண்டும். முதல் தடவை ஒரே கூத்து! வாத்துக்குஞ்சு மடையானின் காலை மிதித்தது. நாலு குஞ்சுகள் ஒரே புதரில் முட்டிக்கொண்டன. ஒன்று ஒளிந்த இடத்திலேயே தூங்கிப்போய், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

"இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?" என்று இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டது.

"இருங்க சார்! ஏன் அந்தப் புதருக்கே எல்லாரும் போனாங்க? முதல்ல அதைக் கேப்போம்" என்றது செவந்தி.

கேட்டார்கள். மாற்றினார்கள். மறுபடியும் சொதப்பியது. மறுபடியும் கேட்டார்கள். நாளாக ஆகக் குஞ்சுகளுக்கு அது விளையாட்டு போல ஆகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே பருந்து வந்தது.

செவந்தி குரல் கொடுத்த மாத்திரத்தில் ஏரிக்கரை காலி! ஆனால் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது. பொட்டு! பழைய பயம் வந்து, பயிற்சி எல்லாம் மறந்து, கரைமேல் ஏறித் தன்னந்தனியாக வரிசையில் நின்றது.

செவந்தி கரையில் ஓடியது. அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது! விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து ஓடியது. மேலே பருந்து இறக்கையை மடக்கிக்கொண்டது.

"ஏறுடா முதுகுல! கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

பொட்டு ஏறியது. செவந்தி கரைச் சரிவில் சறுக்கியபடியே தண்ணீரில் விழுந்தது. பருந்தின் நகம் முதுகுக்கு மேலே காற்றைக் கிழித்தது. செவந்தி குஞ்சோடு சேர்த்து முங்கிவிட்டது!

பருந்து ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு குஞ்சு இல்லை. ஒரு இறகுகூட அசையவில்லை. ஆத்திரம் தாங்காமல் அது கத்தியது:

"எங்கே போச்சு உங்க பள்ளிக்கூடம்? மூடிட்டீங்களா?"

அடர்ந்த கோரைக்குள்ளிருந்து, சொட்டச் சொட்ட நனைந்த குஞ்சை முதுகில் சுமந்தபடி, செவந்தி தன் கீச்சுக் குரலில் பதில் சொன்னது:

"நடந்துக்கிட்டுத்தான் இருக்கு! உனக்குத்தான் கண்ணு தெரியலை!"

பருந்து வெறும் வயிற்றோடு வேறு ஏரி பார்த்துப் போனது.

புதிதாகத் தலைமைக்கு வருபவர் முன்னவரைப் போலவே நடக்கப் பார்த்துச் சறுக்கினாலும், ஏன் சறுக்கினோம் என்று வெட்கப்படாமல் கேட்டறிந்து தனக்கு ஏற்ற வழியைக் கண்டுகொண்டால், தானும் வளர்வார், தன்னை நம்பியவர்களையும் காப்பார்.