சாப்பாட்டுச் செயலிக்குச் சார்ஜ் ஏற்றிய கதை

ஏழு மலை ஏழு கடல் எல்லாம் தாண்ட வேண்டாம். ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் நொச்சிக்குறிச்சி வந்துவிடும். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே, செல்போனில் ஓடுகிற செயலிகள் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அப்படித்தான் போர்டில் போட்டிருந்தது. போர்டு எழுதியவர் வெளியூர்க்காரர், அவர்மேல் தப்பில்லை.

முதலாளி திருமலைக்குமார். கூட்டாளிகள் பெத்துராஜும் மாடக்கண்ணுவும். மூன்று பேருக்கும் மூளை இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். இருந்தது, ரொம்பச் சிக்கனமாகச் செலவழித்தார்கள்.

திருமலைக்குமாருக்கு மாமன் மகள் இந்துராணி என்றால் உயிர். அவள் படித்தவள், கெட்டிக்காரி, மதுரையில் பெயர் எடுத்த உணவு ஆலோசகர். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. ஏன் என்றுதான் ஊருக்கே விளங்கவில்லை. ஆனால் அவள் அப்பா சீனியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, உருப்படியா ஒரு செயலி செஞ்சு காட்டு. அன்னைக்கே தேதி குறிக்கிறேன். இல்லேன்னா தை பொறந்ததும் சிவகாசி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

இந்துராணியே வழி சொன்னாள். "அத்தான், அப்பாவுக்குச் சர்க்கரை முந்நூறு. என்ன சமைக்கணும்னு தினமும் சொல்ற செயலி செய்ங்க. உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லதுன்னு இருக்கணும். பத்து கிலோமீட்டருக்குள்ள விளைஞ்ச காய்தான். ஒரு பருக்கை வீணாகக் கூடாது. எடுத்தவுடனே போன்ல செய்யாதீங்க. முதல்ல அட்டையில செஞ்சு எங்க வீட்ல ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. அம்மாவோ அப்பாவோ பட்டனை அமுக்கினா, செயலி சொல்ல வேண்டியதை உங்கள்ல ஒருத்தர் சொன்னாப் போதும்."

தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சொல்லிவிட்டு அவள் மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சீனியப்பன் வீட்டு அடுப்படிக்கு ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. முன்பக்கம் ஜன்னல். ஜன்னலில் பெத்துராஜின் முகம். கீழே பட்டனுக்காக மூன்று சோடா மூடிகள்: காலை, மதியம், ராத்திரி.

சீனியப்பன் மனைவி வெள்ளையம்மாள் மதியத்தை அமுக்கினாள். பெட்டி பேசவில்லை.

"சார்ஜ் இல்லை" என்றான் திருமலைக்குமார் கவலையோடு. "எதை ஏத்தலாம்?"

"ஆறு இட்லி" என்றான் மாடக்கண்ணு.

"சட்னி?"

"கெட்டிச் சட்னி. தண்ணிச் சட்னின்னா போன் கெட்டுப்போகும்."

அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. குடிக்கவும் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆறாவது இட்லியில் பெத்துராஜுக்கு விக்கல் பிடித்து, பெட்டி முழுக்கக் குலுங்கியது.

"வைப்ரேஷன்ல போட்டுட்டியா?" என்று மாடக்கண்ணுவைக் கடிந்துகொண்டான் திருமலைக்குமார்.

விக்கல் நின்றதும் செயலி வேலை செய்தது. சீனியப்பன் ஆசையாக உருளைக்கிழங்கு வறுவல் கேட்டார்.

"உருளைக்கிழங்கு ஊட்டியில விளையுது. வேணும்னா ஊட்டிக்குப் பக்கத்துல போய் உக்காந்து சாப்பிடுங்க. இங்க இருக்கிறதுன்னா சுரைக்காய்தான். மேற்க நாலு கிலோமீட்டர், முனியாண்டி தோட்டம். நடந்தே போகணும், பெட்ரோல் பூமிக்கு ஆகாது" என்றது பெட்டி.

மகள் சொல்லிவிட்டுப் போன ஏற்பாடாயிற்றே என்று அவர் செருப்பை மாட்டினார். திருமலைக்குமார் ஓடி வந்து மறித்தான்.

"மாமா, போனை வீட்ல வச்சிட்டு யாராச்சும் வெளிய போவாங்களா?"

ஆகவே பெட்டி தள்ளுவண்டியில் ஏறியது. போகும்போது நாலு, வரும்போது நாலு, தினமும் எட்டு கிலோமீட்டர் பெத்துராஜைத் தள்ளிக்கொண்டு போனார் சீனியப்பன். திரும்பி வந்தால் சுரைக்காய்க் கூட்டு. மிச்சம் விழுந்ததெல்லாம் சார்ஜாகப் பெட்டிக்குள் போனது. ஒரு பருக்கை வீணாகவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த இந்துராணி அப்பா விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நூற்று எழுபது. வண்டியையும் பெட்டியையும் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சீனியப்பனுக்கு ஒரே மகிழ்ச்சி. "மாப்ளே, அருமையான சாமான்! ஆனா தள்ளி முடியலை. இதைப் போனுக்குள்ள போட்டுக் குடு, அந்த நிமிஷமே தேதி."

திருமலைக்குமார் உடனே வேலையில் இறங்கினான். கூட்டாளிகளைத் தனியாக அழைத்துப் போய் டேப் பிடித்தான். போன் அகலம் மூன்று இஞ்ச். பெத்துராஜ் இடுப்பு நாற்பத்து நாலு.

"பட்டினி போட்டா?" என்றான்.

"இடுப்பு இளைக்கும். தலை?" என்றான் மாடக்கண்ணு.

தலைக்கு வழி தெரியவில்லை. என்றாலும் பெத்துராஜை மூன்று நாள் வெறும் மோரில் வைத்தார்கள். அரை இஞ்ச்தான் குறைந்தது. நாலாம் நாள் திருமலைக்குமார் கூட்டாளிகளோடு மாமா வீட்டுக்குப் போய்க் கண்ணீரும் கம்பலையுமாக நின்றான்.

"மாமா, என்னால ஆகலை. இந்துவைச் சிவகாசிக்கே குடுத்துருங்க. நல்லா இருக்கட்டும்."

இந்துராணிக்கு அவனை உதைப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பின்னால் மோர் வாசத்தோடு நின்ற பெத்துராஜுக்கு நேரே போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள்.

"பாருங்க அத்தான், உள்ள போயிட்டாரு."

திருமலைக்குமார் பார்த்தான். ஆள் முழுசாக உள்ளே இருந்தான், சட்டைப் பொத்தான்கூட விட்டுப்போகவில்லை. சீனியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, சொன்ன சொல் மாறாமல் தை பன்னிரண்டு என்று குறித்தார்.

சந்தோஷத்தில் குதித்துக்கொண்டே திரும்பிய திருமலைக்குமார் திடுக்கிட்டு நின்றான். பெத்துராஜ் உள்ளே இருக்கிறான் என்றால், வெளியே நிற்பது யார்? மூன்று பேரும் வெகுநேரம் கூடிப் பேசினார்கள். அதிகம் குழம்பியது பெத்துராஜ்தான்.

கல்யாணத்தன்று பந்தி வாசலில் நின்றுகொண்டிருந்த மாடக்கண்ணு பெத்துராஜை மரியாதையோடு மறித்தான்.

"எங்க பெத்துராஜ் பொண்ணு கையில போன்ல இருக்கான். நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடாண்ணே?"

பெத்துராஜ் ஆழ்ந்து யோசித்தான்.

"பொண்ணு வீடாத்தான் இருக்கும்ணே. ஒரு வாரம் அவங்க அடுப்படியிலதான் குடியிருந்தேன்."

"அப்ப வாங்க, உங்களுக்குத்தான் முதல் பந்தி" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை முன்னால் உட்கார வைத்தான் மாடக்கண்ணு.