தலையாட்டினால் சம்மதம்

ஐடா மலையடிவாரத்தில் ஒரு குளம். ஒருநாள் காலையில் அதன் கரையில் விலங்குகள் எல்லாம் கூடியிருந்தன. நடுவில் நின்ற கிழட்டு ஆமை, நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொன்னது.

"முதலாவது! ஆதி தெய்வங்களான டைட்டன்களின் அரசன் குரோனஸ், தான் பெற்ற பிள்ளைகளையே விழுங்கினான். தப்பியது சியூஸ் என்ற ஒரே குழந்தை. இரண்டாவது! அந்தக் குழந்தைக்கு இந்த மலையில் பால் கொடுத்தவள் ஓர் ஆடு. விளையாட்டாக அவள் கொம்பையே ஒடித்தான் சியூஸ். மூன்றாவது! அவள் செத்ததும் தோலை உரித்துக் கேடயத்தில் போர்த்திக்கொண்டான். நான்காவது! அப்பனை வென்று தேவர்களுக்கு அரசனாகிக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்த ஒரு பெண்ணை ஆமையாக்கி, வீட்டை அவள் முதுகில் ஏற்றினான். அந்தப் பெண் நான்தான்!"

"சட்டென்று ஐந்தாவதுக்கு வா, அக்கா! வெயில் ஏறுகிறது!" என்றது ஒரு தவளை.

"வரிசை தப்பினால் வழக்கு தப்பும், வாயாடி! ஐந்தாவது! ஆண்டுக்கு ஓர் ஆடு பலி வேண்டும் என்கிறான். நாளைக் காலை நம் மிர்த்தோவின் முறை."

மிர்த்தோ என்ற வெள்ளாடு தலைகுனிந்து நின்றது. அதன் இரண்டு குட்டிகளும் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"இதுகள் இன்னும் புல் கடிக்கக்கூடப் பழகவில்லையே, அக்கா!"

"அழாதே, யோசி! கட்டாயப்படுத்திப் பலி வாங்க மாட்டானாம் சியூஸ். அதில் அவனுக்கு ஒரு பெருமை! ஆட்டின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையை ஆட்டினால் சம்மதம். ஆட்டாவிட்டால் விடுதலை."

"தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் தலையை ஆட்டாது?"

"அதுதான் சூது! இதுவரை போன ஆடுகள் எல்லாம் சம்மதித்துத்தான் செத்தன என்று ஊர் நம்புகிறது. நீ ஆடாமல் நிற்கப் பழகு. தவளைகளே, தொடங்குங்கள்!"

தவளைகள் வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மிர்த்தோவின் காதில் துப்பின. ஆட்டின் தலை படபடவென்று ஆடியது.

"செத்தாய்!" என்று கத்தின தவளைகள். மறுபடி துப்பின. "மறுபடியும் செத்தாய்!"

இப்படி நூறு தடவை செத்த பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் மிர்த்தோ கல்லாக நின்றது. தவளைகள் குதித்துக் கும்மாளமிட்டன. ஆமை மட்டும், "மூக்கு துடித்தது. இன்னொரு தடவை!" என்றது. ஆனால், தான் தின்ன வைத்திருந்த அத்திப்பழத்தை ஆட்டின் பக்கமாக மெதுவாகத் தள்ளிவிட்டது.

மறுநாள் காலை சியூஸ் வந்து, குளக்கரைப் பலிபீடத்துக்கு அருகே ஒரு பாறையில் அமர்ந்தார். விலங்குகள் சாட்சிகளாகச் சுற்றி நின்றன. சியூஸின் அமைச்சரான கழுகு, மிர்த்தோவின் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியது.

மிர்த்தோ ஆடவில்லை.

இன்னொரு குடம் ஊற்றியது. ஒரு மயிர்கூட அசையவில்லை!

கழுகு குரலில் தேன் தடவிக்கொண்டது. "அம்மா மிர்த்தோ, உனக்கு இதில் இஷ்டமில்லை. அப்படித்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போச்சு! மிர்த்தோவின் கழுத்து லேசாக அசையப் பார்த்தது. தவளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. கழுத்து நின்றது.

"இஷ்டமில்லை, கழுகாரே! வாய் இருக்கும்போது தலையை எதற்கு ஆட்டுவது?"

சியூஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரபு, சிரிக்கிற நேரமா இது? உங்கள் இடி ஆயுதத்தை எடுங்கள்!" என்றது கழுகு.

"எடுத்தால், சம்மதமில்லாமல் கொன்றவன் என்று பெயர் வரும். இவளை விடு. அடுத்த ஆட்டைக் கூப்பிடு!"

மிர்த்தோ நகரவில்லை. "எனக்குப் பதில் இன்னொருத்தியா? அதற்கா இத்தனை பாடுபட்டோம்?" என்றது.

ஆமை முன்னால் வந்தது. "அரசே, ஒரு கேள்வி! இந்தச் சட்டம் ஆட்டுக்கு மட்டுமா?"

சியூஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "என் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்கும் சேர்த்து!"

"அப்படியானால் சாட்சிகள் முன்னால் கேட்கிறேன். இன்றோடு இந்தப் பலியை நிறுத்த உங்களுக்குச் சம்மதமா?"

சியூஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குளத்திலிருந்து முந்நூறு தவளைகள் ஒரே நேரத்தில் எம்பித் துப்பின! கண்ணில் தண்ணீர், காதில் தண்ணீர், தாடியெல்லாம் தண்ணீர். சியூஸ் சிலிர்த்துத் தலையைப் படபடவென்று உதறினார்.

"சம்மதம்! சம்மதம்!" என்று கூவின தவளைகள்.

கழுகு சிறகை விரித்துப் பாய்ந்தது. சியூஸ் கையை நீட்டித் தடுத்தார். அந்த நேரத்தில் மிர்த்தோவின் சின்னக் குட்டி பயமே இல்லாமல் ஓடிவந்து, அவர் தாடியில் சொட்டிய தண்ணீரை நக்கிற்று. அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முந்திக்கொண்டது.

"கழுகே, சட்டம் என்றால் சட்டம்தான். சம்மதித்தவன் பெயரைச் சாட்சிகளுக்கு அறிவி!"

கழுகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தது: "சம்மதித்தவர் பெயர், சியூஸ்!"

அடுத்தவன் தலையை ஆட்டிவைத்து அதைச் சம்மதம் என்று சொல்கிறவன், ஒருநாள் தன் தலையும் ஆடுவதற்குத் தயாராக இருக்க வேண்டும்.