பின்னால் கூப்பிட்டார்கள்

காக்கையெல்லாம் வெள்ளையாக இருந்த காலமோ, அதற்கும் முந்தின காலமோ, எனக்குச் சரியாகத் தெரியாது. இங்கே அந்த வயசுக்காரர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். யாரும் இல்லையா? அப்படியானால் நான் சொல்வதுதான் சரி. கேளுங்கள்.

பூவணைநல்லூரில் மாசிலாமணிச் செட்டியார் என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தார். வீடு நிறைய மிளகு, தெரு நிறைய மரியாதை. மனசு மட்டும் காலிப் பானை. சாப்பிட்டால் ருசி இல்லை, படுத்தால் தூக்கம் இல்லை, கோயிலுக்குப் போனால் கும்பிடத் தோன்றவில்லை. "உள்ளே ஒண்ணுமே இல்லையே!" என்று மனுஷர் தன் நெஞ்சைத் தானே தட்டித் தட்டிப் பார்ப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஊருக்கு மேற்கே ஆமைமலை. அதன் உச்சியில் ஒரு முனிவர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு நாள்தான் அவர் வாயைத் திறப்பார். அன்று பொழுது சாய்வதற்குள் வந்து சேர்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். பிறகு சங்கு ஊதும், வாய் மூடிக்கொள்ளும். அந்த வார்த்தையைக் கேட்டால் உள்ளே விளக்கேற்றினாற்போல் ஆகிவிடும் என்று ஊரே சொன்னது. போன தடவை செட்டியார் சரக்கு வாங்கக் கடல் கடந்து போயிருந்தார். இந்தத் தடவையும் விட்டால், அடுத்த தடவை மலை ஏறக் கால் ஒத்துழைக்காது.

அந்த நாள் வந்தது. செட்டியார் விடியலிலேயே குளித்தார், பட்டை பட்டையாகத் திருநீறு பூசினார், கிளம்பினார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். இல்லையென்றால் போன காரியம் விளங்காது.

செட்டியார் வாசற்படி தாண்டி நாலெட்டு வைத்திருப்பார்.

"ஏங்க! மேல்துண்டு!"

கூப்பிட்டது அவர் மனைவி வேலாச்சி. கூப்பிட்ட பிறகுதான் சுருக்கென்றது அவளுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். செட்டியார் பல்லைக் கடித்தார். திரும்பி வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்தார். வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், கல்யாணமான புதுசில் தோசையைக் கருகவிட்டு நின்றாளே, அதே முகம்! இத்தனை வருஷம் இந்த முகம் எங்கே போயிருந்தது? அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. வேலாச்சி தலையில் தட்டிவிட்டாள். செட்டியார் எழுந்தார், கிளம்பினார்.

தெருமுனை வரைக்கும் போயிருப்பார்.

"செட்டியாரே! கன்னுக்குட்டி! பிடிங்க, பிடிங்க!"

பக்கத்து வீட்டுப் பெரியாண்டியின் கன்றுக்குட்டி கழுநீர்ப் பானைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. தலைக்குப் பதிலாகப் பானையோடு, கண் தெரியாமல், கண்மண் தெரியாமல் ஓடி வந்தது. செட்டியார் குறுக்கே பாய்ந்தார். கன்று அவர்மேல், அவர் சாணிக் குவியல்மேல், பானை சுக்குநூறு. வெளிச்சம் கண்ட சந்தோஷத்தில் கன்று அவர் நெற்றியை நக்கியது. திருநீறு மொத்தமும் காலி. அவரோ கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

திரும்பி வந்தார், குளித்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கிளம்பினார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

இந்தத் தடவை ஊர் எல்லையே வந்துவிட்டது. இன்னும் ஓர் அடிதான்.

"அண்ணே, நில்லுங்க! மருமகளுக்கு வலி கண்டிருச்சு! சந்தைக்குப் போன மகன் இன்னும் வரலே. மருத்துவச்சியைக் கூட்டியாரணும், வண்டி பூட்ட ஆளில்லேண்ணே!"

மேலத்தெருக் காத்தாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். செட்டியார் மலையைப் பார்த்தார். காத்தாயியைப் பார்த்தார். அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். வாசலில் வேலாச்சி செம்போடு தயாராக நின்றாள். உட்கார நேரமில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே குடித்தார், பாதி வாயில், பாதி மார்பில். மிளகு வண்டி அன்று தேர் மாதிரி பறந்தது. மருத்துவச்சி ஒரு கையால் வண்டியையும் மறு கையால் கொண்டையையும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் செட்டியாரைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

சூரியன் மலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. இப்போது ஓடினால்கூடப் பிடித்துவிடலாம். செட்டியார் ஒரு காலைத் தெருவில் வைத்தார். உள்ளே குழந்தை வீறிட்டது.

காத்தாயி பச்சைச் சிசுவைத் துணியில் ஏந்தி வந்தாள், மறு கையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம். "அண்ணே, நீங்களே சேனை தொட்டு வைங்க. உங்க குணம் எங்க புள்ளைக்கு வரட்டும்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் வைக்கிறார்களோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களே, அதுதான் சேனை. செட்டியார் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்.

"என் குணமா? வேண்டாம்மா! என்கிட்ட ஒண்ணுமே இல்லே. அதைத் தேடித்தான் மலைக்கே கிளம்பினேன்."

"அதையெல்லாம் அப்புறமாத் தேடுங்க. புள்ளை வாயைத் திறந்துகிட்டு இருக்கு பாருங்க!"

திறந்துகொண்டுதான் இருந்தது, குருவிக்குஞ்சு மாதிரி. செட்டியார் மலையை மறந்தார். இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று பயந்து பயந்து தன் மனசுக்குள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே வேலாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். கன்றுக்குட்டி நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது. மருத்துவச்சி திட்டிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, இவ்வளவு பேரா! காலிப் பானை என்று நினைத்தாரே, அது பொங்கி வழிந்துகொண்டிருந்தது. செட்டியார் அழுதார், சிரித்தார், விரலைக் கிண்ணத்தில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டது, விடவே இல்லை.

மலையில் சங்கு ஊதியது.

மலையேறியவர்கள் இருட்டும் நேரத்தில் ஆரவாரமாக இறங்கி வந்தார்கள். காத்தாயி வீட்டு வாசலில் செட்டியாரைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "செட்டியாரே, கோட்டை விட்டுட்டீரே! முனிவர் என்ன சொன்னார் தெரியுமா?"

மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த செட்டியார் உதட்டில் விரல் வைத்தார்.

"உஷ்! புள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு. நாளைக்குச் சொல்லுங்க."

மறுநாள் அவர் கேட்க மறந்தே போனார்.

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வரத் தெரிந்தவருக்கு, ஞானம் தேடி மலையேற வேண்டிய அவசியமே இல்லை.