உருவிய டிஸ்க்

"இதுல என்ன குறைன்னு சொல்லுங்க மேடம். மறுபடியும் திருப்பி அனுப்பிட்டீங்க."

வில்வநாதன் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

புயல் கணிப்பு மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டருக்குப் புதிய சேமிப்பகம் வடிவமைப்பது அவர் வேலை. பழையது, போன புயலின்போது பாதிக் கணக்கில் நின்றுபோனது. எச்சரிக்கை தாமதமானது. ஒரு படகு கரை திரும்பவில்லை.

அதன் பிறகுதான், தன்னைவிடப் பத்து வயது இளையவரான மையத் தலைவி ஹபீபாவிடம் அவர் கற்றுக்கொள்ள வந்தார்.

"இருக்கறதுலயே உசத்தியான டிஸ்க்கா பார்த்துப் போட்டிருக்கேன். ஒண்ணுகூடக் கெடாது."

"வாங்க."

ஹபீபா அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார்.

உள்ளே முழுக்கச் செத்த டிஸ்க்குகள்.

"வாங்கினப்ப இதெல்லாமும் உசத்திதான் சார்."

வில்வநாதன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு தகவலையும் துண்டுகளாக்கி, வெவ்வேறு ரேக்குகளில் அடுக்கிய டிஸ்க்குகளில் பிரித்து வைத்தார். கூடவே சில உபரித் துண்டுகள். எது தொலைந்தாலும், மிச்சம் இருப்பவை சேர்ந்து அதை மறுபடி உண்டாக்கிவிட வேண்டும்.

"வேகம் குறையுதே," என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

"குறையட்டும். நிக்கக் கூடாது."

சோதனையில் அது சில நாள் ஓடியது. சில நாள் நின்றது. நின்ற நாட்களில் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஐப்பசியில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. அன்று காலை ஹபீபா இயந்திரக் கூடத்துக்கு வந்தார். மின்விசிறிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச முடிந்தது.

"கணக்கு ஓடுதா?"

"ஓடுது மேடம்."

"சாயங்காலம் மீனவர்களுக்குச் சொல்லணும். இதை நம்பிச் சொல்லலாமா?"

வில்வநாதன் ரேக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையைப் பின்னால் நீட்டித் துழாவி, விரலில் பட்ட டிஸ்க்கை வெடுக்கென்று உருவினார்.

கூடத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் புயல் ஒரு கணமும் தயங்கவில்லை. கரையை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

ஹபீபா அவர் கையைப் பார்த்தார்.

"எதை உருவினீங்க?"

"பார்க்கலை மேடம்."