முதல்வர் படம் மேலே போன கதை

ஒரு பொறியியல் கல்லூரியில் இன்பக்கனி என்கிற மாணவி, யாரும் சும்மா எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு சங்கம் நடத்திவந்தாள். கல்லூரி இணையதளமே அவர்கள் செய்ததுதான். அதில் யார் ஒரு திருத்தம் செய்து அனுப்பினாலும் போதும், அவர் சங்க உறுப்பினர். கல்லூரி முதல்வர் நல்லதம்பிக்கோ சும்மா கிடைக்கிற எதுவும் ஆகாது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேராசிரியராவது சேரணும். இல்லேன்னா உங்க சங்க ரூமைப் பூட்டிடுவேன்” என்றார். ஒருத்தரும் சேரக்கூடாது என்று பேராசிரியர்களிடம் முன்பே சொல்லியும் வைத்திருந்தார்.

இன்பக்கனி தலையாட்டிவிட்டுப் போய், இணையதளத்தில் துணை முதல்வர் படத்துக்குக் கீழே முதல்வர் படத்தை இறக்கிவைத்தாள்.

மறுநாள் முதல்வர் தாம்தூம் என்று குதித்தார்.

“யார் வேணும்னாலும் திருத்தலாம் சார். உங்க பேர்ல மாத்தி அனுப்புங்க, ஏத்துக்கறேன்.”

அடுத்தவரை நம்பாமல் அவரே மாற்றி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், “எந்தப் பேராசிரியர்மா சேர்ந்தாரு?” என்று சிரித்தார்.

“நீங்கதான் சார்” என்று அவர் பெயரோடு அந்தத் திருத்தத்தைத் திரையில் காட்டினாள்.

எடுத்து வைத்திருந்த பூட்டு மேசைக்குள் போனது. இன்பக்கனிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாயங்காலத்துக்குள் துணை முதல்வரும் சேர்ந்துவிட்டார், தன் படத்தைத் திரும்ப மேலே ஏற்ற.